குன்றின் மேல் பன்னிரண்டு கட்டங்கள்

2024 மே 14, செவ்வாய்க்கிழமை. காலை 4.40க்கு எழுந்தேன். 5.05க்குக் குழாயில் தண்ணீர் வந்தது; இரண்டு குடமும் ஒரு வாளியும் பிடித்து வைத்தேன். அன்றைக்கான வேதப் பகுதியை வாசித்தேன். மூன்று இட்லி, அரை டம்ளர் காபி. மதியத்துக்குத் தயிர்சாதமும் மாங்காய் ஊறுகாயும் கட்டிக்கொண்டேன். பையில் ஐம்பது மீட்டர் நாடா, இரண்டு மீட்டர் அளவுகோல், தண்டின் சுற்றளவு எடுக்கத் தையற்காரர் டேப் ஒன்று, சணல் கயிறு, பென்சில் மூன்று, நீல அட்டை நோட்டு. பேனா கொண்டுபோவதில்லை, வியர்வை பட்டால் மை கலைந்துவிடும். 5.50க்குச் சித்தூர் பஸ் நிலையத்தில் இருந்தேன்.

முந்தின நாள் தேர்தல். ஓட்டுப் போட ஊருக்கு வந்தவர்கள் பெங்களூர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கம்பியைப் பிடித்திருந்த கைகளில் பாதிக்கு மேல் ஆட்காட்டி விரலில் கருநீல மை. பலமநேர் வரை நின்றுகொண்டே போனேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் பதினான்கு கிலோமீட்டர், பிறகு இருபது நிமிட நடை. 8.35க்குக் குன்றின் இரும்பு கேட்டை அடைந்தேன்.

அதைக் குன்று என்று நாங்கள் சொல்லிப் பழகிவிட்டோம். அது இயற்கையான குன்று இல்லை. ஒரு கம்பெனி இருபது வருஷத்துக்கு மேல் அங்கே கிரானைட் வெட்டியது. விற்காத கல்லையும் சக்கையையும் கொட்டிக் கொட்டி ஒரு மேடு எழுந்தது. வெட்டுவது முடிந்ததும் அதன்மேல் மண் பரப்பி, வரிசையாகக் குழி எடுத்து, புங்கன், வேம்பு, சரக்கொன்றை, சீமையகத்தி என்று கன்றுகள் நட்டார்கள். நட்டவை உண்மையாகவே வேர் பிடித்தனவா என்று வெளி ஆள் ஒருவர் வருஷா வருஷம் எண்ணிச் சொல்ல வேண்டும். திருப்பதியில் அந்த வேலையை எடுத்துச் செய்யும் ஓர் அலுவலகம் இருக்கிறது. நான் சித்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை. அந்த அலுவலகத்துக்காக எண்ணிக் கொடுக்கிறவள். 2021 முதல் நான்கு ஜனவரிகளில் எண்ணி நான்கு அறிக்கைகள் கொடுத்திருந்தேன். இறுதி அறிக்கைக்கு மட்டும் கோடையில் ஓர் எண்ணிக்கை வேண்டும் என்று படிவத்தில் இருந்தது. அதற்காகத்தான் மே மாதத்தில் போனேன்.

குன்றின் கிழக்கு அடிவாரத்தில் ஏழு வீடுகள் இருக்கின்றன. குன்றுக்கும் அவற்றுக்கும் நடுவே ஒரு கல் சுவரும் ஒரு வண்டல் வாய்க்காலும் மட்டுமே. கம்பெனியின் பொறுப்பு இருக்கும்வரை அவர்கள் வருஷம் ஒருமுறை வாய்க்காலைத் தூர்வார வேண்டும், சுவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இறுதி அறிக்கையில் நான் 'தேர்ச்சி' என்று எழுதினால் அந்தப் பொறுப்பு முடிந்துவிடும். அதன்பிறகு மண்ணைப் பிடித்து வைக்க வேர்கள் மட்டும்தான். வேர்கள் இல்லையென்றால் அந்த ஏழு வீட்டுக்காரர்களும் ஒவ்வொரு மழைக்கும் ஈர மண்ணின் அடியில் படுத்துத் தூங்குவார்கள், கேட்க ஆள் இருக்காது. நான் எண்ணுவது எதற்காக என்று நான்கு வருஷமும் எனக்குத் தெரிந்தேதான் இருந்தது.

குன்று முழுவதையும் எண்ண முடியாது. முதல் வருஷம் வரைபடத்தைச் சதுரங்களாகப் பிரித்து, எண்களைச் சீட்டில் எழுதி, ஒரு எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கினேன். சீட்டு எடுத்தவர் அங்கே வாட்ச்மேனாக இருந்தவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும் அப்போது. அந்த ஏழு வீடுகளில் ஒன்று அவருடையது. பன்னிரண்டு சீட்டு எடுத்தார். பன்னிரண்டு கட்டங்கள், ஒவ்வொன்றும் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். நான்கு மூலைக்கும் கல் நட்டு, வெள்ளையடித்து, எண் எழுதினோம். வருஷா வருஷம் அதே செடிகளை அளந்தால்தான் வளர்ச்சி தெரியும் என்பதால் கட்டங்களை மாற்றவில்லை. அந்த ஒழுங்கில் எனக்குப் பெருமை இருந்தது. திருப்பதி அலுவலகத்தில் என் அறிக்கைகளைப் புதியவர்களுக்கு மாதிரியாகக் காட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

ஜனவரியில் அந்தக் குன்று எங்கும் பச்சையாக இருக்கும். மழை முடிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். இடுப்பு உயரத்துக்கு உண்ணிச்செடி, அதன் நடுவே தும்பையும் கொழுஞ்சியும் புல்லும். வாட்ச்மேன் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் பாதை வெட்டி வைத்திருப்பார். கையில் தடியோடு பாம்புக்காகத் தரையைத் தட்டிக்கொண்டே முன்னால் போவார், நான் பின்னால். கட்டத்துக்குள் போனதும் நான் டேப்பை எடுக்கும் முன்பே குரல் கொடுப்பார்.

"ஏழாம் நம்பரு புங்கன். நல்லாக்கீறான்."

"நான் அளந்து சொல்றேனே."

"அளங்க டீச்சரம்மா. அளந்தா மட்டும் வேற ஆளா ஆயிடப் போறான்."

அவர் சொன்னபடியேதான் இருக்கும். நூற்றுக்கு எண்பத்தாறு, எண்பத்தெட்டு என்று உயிரோடிருந்தன. கல்மேட்டில் அது மிக நல்ல எண்ணிக்கை. கட்டங்களுக்கு வெளியே நான் போனதில்லை. நோட்டில் வெளிப்பகுதிக்கு என்று ஒரு வரி உண்டு. நான்கு வருஷமும் அதில் 'அடர்ந்த பசுமை' என்று எழுதியிருக்கிறேன்.

கேட்டைத் திறந்தவர் வாட்ச்மேனின் மனைவி. வாட்ச்மேன் மார்ச் மாதம் இறந்துவிட்டார். சாவி இப்போது இந்த அம்மாவிடம். செய்தி எனக்குத் தொலைபேசியில் வந்தது. அன்றைய டைரியில் ஒரு வரி இருக்கிறது: 'வாட்ச்மேன் காலமானார். மாரடைப்பு. மாலை, துணி இஸ்திரி.'

"வாங்க டீச்சரம்மா. தை மாசம் வர்றவங்க, இந்த வெயில்ல வந்துக்கீறீங்க."

"கோடையிலயும் ஒரு தடவை எண்ணணுமாம். இதோட முடிஞ்சது."

"எண்ணுங்க. அவரு இருந்தா கொடைய புடிச்சிக்கினு பின்னாடியே வந்திருப்பாரு. எனக்கு முட்டி வலி. நான் இங்கியே குந்திக்கினு இருக்கறேன்."

தனியாக ஏறினேன். பாதை மண்ணில் பதிந்திருந்தது. அதற்கு முன் அதை ஒரு பாதையாக நான் கவனித்ததில்லை. வருஷத்துக்கு ஒருநாள் எனக்காகச் செடி வெட்டிய தடம் என்றே நினைத்திருந்தேன். ஒரு ஆள் தினமும் நடந்தால்தான் அப்படிக் கெட்டிப்படும். இரண்டு பக்கமும் உண்ணிச்செடி காய்ந்து சுள்ளியாக நின்றது. உச்சிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தேன். மணி 9.10.

குன்று முழுவதும் பழுப்பாக இருந்தது. அந்தப் பழுப்பின் மேல் பன்னிரண்டு பச்சைச் சதுரங்கள். ஓரங்கள் நேர்கோடாக இருந்தன, மூலைகளில் வெள்ளைக் கல். கட்டத்துக்குள் தலைக்கு மேல் வளர்ந்த புங்கனும் வேம்பும்; கல்லுக்கு ஒரு அடி வெளியே வெறும் மண். யாரோ பாய் விரித்துவிட்டு எழுந்து போன மாதிரி இருந்தது. நான் வரைபடத்தில் பென்சிலால் போட்ட கட்டங்களை ஒருவர் குன்றின் மேல் அப்படியே வரைந்திருக்கிறார் என்பது புரிய எனக்குச் சில நிமிடங்கள் ஆயின. உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன்.

பிறகு எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். முதல் கட்டத்துக்குப் போய்க் கயிறு கட்டி எண்ண ஆரம்பித்தேன்.

எண்ணுவது கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு செடியின் முன்னாலும் நான் வாய் திறப்பதற்கு முன் அந்தக் குரல் வந்துவிடும். 'மூணு, வேம்பு. நல்லாக்கீது.' நான் எழுதுவேன். 'நாலு, கொன்னை. கொஞ்சம் மொகம் வாடிக்கீது.' இலை சுருண்டிருக்கும். பத்து வருஷத்துக்கு மேலாகச் செடிகளை எண்ணுகிறேன், இப்படி ஆனதில்லை. இரண்டாம் கட்டத்தில் டேப்பைக் கீழே வைத்துவிட்டுச் சத்தமாக நானே எண்களைச் சொன்னேன். என் குரல் அவர் சொல்லும் இழுப்பிலேயே வந்தது. நிறுத்திவிட்டு மனதுக்குள் எண்ணினேன்.

ஒவ்வொரு கட்டத்திலும் தென்மேற்கு மூலைக் கல்லுக்குப் பின்னால் ஒரு நீலநிற இருபது லிட்டர் கேன் இருந்தது. செடிகளின் அடியில் வட்டமாகப் பாத்தி. சிலவற்றில் தென்னை மட்டை போட்டு மூடியிருந்தது. ஜனவரியில் புல் எல்லாவற்றையும் மறைத்திருக்கும். ஏழாம் கட்டத்தில் பதினான்காம் நம்பர் வேம்பின் முன் நின்றபோது நோட்டின் பழைய பக்கத்தைப் புரட்டினேன். 2022இல் அதன் உயரம் 142 சென்டிமீட்டர். 2023இல் 118. பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு கேள்விக்குறி, அதன்கீழ் 'ஆடு மேய்ந்திருக்கலாம்'. ஆடு மேய்ந்தால் நுனி முறிந்திருக்கும். அந்த வேம்பின் நுனி முழுசாக இருந்தது. தண்டும் மற்றவற்றைவிட மெல்லியது. செத்துப்போன செடியின் இடத்தில் புதிதாக ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. கேள்விக்குறி போட்ட அன்றே நான் குனிந்து அடித்தண்டைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. அன்று மாலை பலமநேரில் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது என்று டைரி சொல்கிறது.

பன்னிரண்டும் முடிய 12.40 ஆனது. நூற்றுக்கு எண்பத்தொன்று. கீழே இறங்கினேன். கேட்டுக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் அந்த அம்மா கேழ்வரகுக் கூழ் கரைத்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு சொம்பு கொடுத்தார்.

"மேல கேன் எல்லாம் கிடக்குதே. எதுக்கு?"

"எதுக்கா? தண்ணி ஊத்தறதுக்கு. உங்களுக்குத் தெரியாதா?"

"கம்பெனி ஊத்தச் சொன்னாங்களா?"

"அய்ய, கம்பெனி. மொத வருஷம் டாங்கர்ல ஊத்தினாங்க, அத்தோட சரி. இவருதான். பங்குனி பொறந்தா ஆரம்பிச்சிடுவாரு. கல்லு வெட்டின பள்ளத்துல தேங்கிக்கீற தண்ணிய ரெண்டு கேன்ல மொண்டு, கழில கட்டி, தோள்ள போட்டுக்கினு. விடிஞ்சும் விடியாம கெளம்பிடுவாரு. நான் கூட கேப்பேன், மேல இன்னா பன்னெண்டு பொண்டாட்டி வெச்சிக்கினு கீறியான்னு."

"என்ன சொல்வார்?"

"அதுங்க உன்ன மாதிரி வாயாடாதுங்கம்பாரு." சிரித்தார். பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் பன்னிரண்டுக்கு மட்டும் ஏன்?"

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். வேண்டுமென்றே கேட்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

"நீங்கதான சொன்னீங்க. சீட்டு எடுத்த அன்னிக்கி. இந்தப் பன்னெண்டும் நல்லாருந்தா மலையே நல்லாக்கீதுன்னு அர்த்தம்னு சொன்னீங்களாம். வூட்டுக்கு வந்ததும் வராததுமா அதத்தான் சொன்னாரு. மலை நல்லாருந்தா நம்ம வூட்டு மேல ஒண்ணும் வராது, டீச்சரம்மாவே சொல்லிட்டாங்கன்னு."

சொன்னேன். எனக்கு நினைவிருக்கிறது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, வகுப்பில் சொல்வது போல, இரண்டாம் முறை சொல்லத் தேவையில்லாத அளவு தெளிவாகச் சொன்னேன். அவர் தலையாட்டினார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் புரிந்துகொள்ளவும் செய்தார், வைத்தியர் சொன்ன பத்தியத்தைப் புரிந்துகொள்வதைப் போல. இந்தப் பன்னிரண்டு இடத்தையும் காப்பாற்றினால் மலை காப்பாற்றப்படும். மூன்று கோடையும் நான்காவதன் தொடக்கத்திலும் அதைக் கடைப்பிடித்தார். என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை. மறைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்தே நடக்கிறது என்று நினைத்திருப்பார்.

"அன்னிக்கும் தண்ணிக்குத்தான் போனாரு," என்றார் அந்த அம்மா. "வெயில் ஏறியும் ஆளக் காணோம்னு போய்ப் பாத்தேன். ஒம்பதாவதுல கல்லுல சாஞ்சிக்கினு குந்திக்கினு இருந்தாரு. தூங்கறாருன்னு நெனச்சேன். கேன்ல பாதித் தண்ணி அப்படியே இருந்துச்சு."

ஒன்பதாம் கட்டத்தில் ஒரு மணி நேரத்துக்கு முன் அதே கல்லில் நோட்டை வைத்துத்தான் எழுதியிருந்தேன். கூழைக் குடித்து முடித்தேன். அந்த அம்மா குற்றம் சாட்டும் குரலில் எதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"இன்னிக்கு எத்தினி வந்துச்சு?" என்றார்.

"எண்பத்தொண்ணு."

"எவ்ளோ வோணும்?"

"எழுபது."

"அப்ப பாஸு. எழுதிக் குடுத்துருங்க டீச்சரம்மா. அவரு செமந்தது வீணா போவக் கூடாது."

சிக்னலுக்காகக் கேட்டுக்கு வெளியே வந்து திருப்பதி அலுவலகத்தைக் கூப்பிட்டேன். பேசியவர் அந்த அலுவலகத்தின் பொறுப்பாளர். எனக்குப் பத்து வயது இளையவர். விஷயத்தைச் சொன்னேன்.

"மேடம், கட்டத்துக்குள்ள எத்தனை?"

"எண்பத்தொன்று."

"அப்போ பர்வாலேது, ஒண்ணும் பிரச்சினை இல்ல மேடம். ஃபார்மட்ல பன்னெண்டு ரோ இருக்கு, பன்னெண்டும் ஃபில் பண்ணிடுங்க. வெளிய இருக்கறத எந்த ரோல போடுவீங்க?"

"வெளியேதான் குன்று இருக்கு."

"நாலு வருஷமா நீங்களேதான் நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கீங்க. இப்ப இல்லேன்னா, அந்த நாலும் என்ன மேடம்?"

அவர் கேட்டதில் தவறில்லை. விதிப்படி பார்த்தால் என் எண்கள் சரி. கட்டங்கள் சீட்டுக் குலுக்கி எடுத்தவை, அளவுகள் சரி, செடிகள் உயிரோடு இருக்கின்றன. நான் அந்த எண்பத்தொன்றை எழுதிக் கையெழுத்திட்டால் யாரும் என்னைக் கேட்க மாட்டார்கள். 'நாளை சொல்கிறேன்' என்று வைத்துவிட்டேன்.

திரும்பி வந்து அந்த அம்மாவிடம் நாடாவின் ஒரு முனையைப் பிடிக்க முடியுமா என்று கேட்டேன். முட்டியைத் தேய்த்துக்கொண்டே எழுந்தார். மூன்றாம் கட்டத்துக்கும் நான்காம் கட்டத்துக்கும் நடுவே, கிழக்குச் சரிவில், ஐம்பது மீட்டருக்கு நாடாவை இழுத்தோம். வெட்டிய குழிகள் வரிசையாகத் தெரிந்தன, ஒவ்வொன்றும் சோற்றுத் தட்டு அளவுப் பள்ளமாக. நாடாவின் இருபுறமும் அறுபத்து மூன்று குழி. உயிரோடு இருந்தவை ஒன்பது. உண்ணிச்செடிகளின் வேர்கள் மண்ணுக்கு மேலே ஒரு சாண் தொங்கின. அவ்வளவு மண் போயிருக்கிறது. மேலிருந்து கீழாக மூன்று இடத்தில் தண்ணீர் அறுத்த வாய்க்கால். ஒன்றில் என் கை முழங்கை வரை இறங்கியது. மூன்றும் ஏழு வீடுகளின் திசையில் போயின.

இன்னும் நான்கு இடத்தில் நாடா இழுத்தோம். எங்கேயும் நூற்றுக்கு இருபதைத் தாண்டவில்லை.

"இதெல்லாம் எதுக்கு எழுதறீங்க?" என்றார் அந்த அம்மா. "இதுல சீட்டு உழலியே."

சரிவிலேயே உட்கார்ந்தோம். சீட்டு எடுத்த அன்றே சரியாகச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்ல முயன்றேன். முதலில் வகுப்புப் பாஷையில் சொல்லிப் பார்த்தேன், என் காதுக்கே சகிக்கவில்லை. பிறகு ரத்தப் பரிசோதனையைச் சொன்னேன். விரலில் ஒரு சொட்டு எடுக்கிறார்கள். அந்தச் சொட்டைப் பார்த்து உடம்பு முழுக்க எப்படி இருக்கிறது என்று சொல்கிறார்கள். அந்தச் சொட்டை மட்டும் யாராவது தனியாகச் சுத்தம் செய்து வைத்தால்?

"எனக்கு சுகர் கீது," என்றார். "மாசா மாசம் பி.எச்.சி.ல பாப்பாங்க. நர்சம்மா திட்டுவாங்கன்னு மொத நாளு ஒண்ணும் துன்ன மாட்டேன். மோர்த்தண்ணி மட்டும். மறுநாளு பாத்துட்டு, வெரி குட்டும்மாம்பாங்க. வர்ற வழில ரெண்டு மைசூர் போண்டா துன்னுட்டு வருவேன்."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் அவர் முகத்தில் நின்றுபோனதைப் பார்த்தேன். அவர் கீழே தன் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இந்தப் பன்னெண்டும் மோர்த்தண்ணியா?"

"ஆமா."

"மலை?"

அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து இறங்க ஆரம்பித்தார். பின்னாலேயே போனேன். நேராகத் தன் வீட்டின் பின்பக்கம் கூட்டிப்போனார். சுவரில் முழங்கால் உயரத்துக்குச் செம்மண் கறை படிந்திருந்தது. போன ஐப்பசி மழைக்கு வந்ததாம். மூன்று நாள் இருவருமாக மண்வெட்டியால் வாரினார்களாம். வாரி முடித்ததும் கணவர் சொன்னாராம், அடுத்த வருஷம் இது வராது, செடியெல்லாம் ஆள் உயரம் ஆயிடுச்சு என்று. ஜனவரியில் நான் வந்தபோது இதை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எண்பத்தெட்டுன்னு சொல்லிட்டுப் போனீங்க. சந்தோசமா இருந்தாரு. அத்தப் போயி எதுக்கு கெடுக்கணும்?"

வண்டல் வாய்க்காலைப் பார்த்தேன். விளிம்புவரை மண். அதில் யாரோ கீரை விதைத்திருந்தார்கள்.

"எழுதிடுங்க," என்றார் அந்த அம்மா. "மலை சரியில்லன்னே எழுதிடுங்க. ஏழு வூடும் கீது, கொழந்த குட்டிங்க கீது. ஆனா அவரு பேரு அதுல வருமா? தண்ணி ஊத்தி ஏமாத்திட்டான்னு நாலு பேரு பேசினா என்னால தாங்க முடியாது."

"வராது. தப்பு அவரோடது இல்ல."

"பின்ன?"

"என்னோடது."

இல்லை என்று மரியாதைக்காகவாவது சொல்வார் என்று ஏதோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன். அவர் யோசித்தார். "சரி," என்றார். சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய், எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார்.

4.15க்குக் கிளம்பினேன். கேட்டைத் தாண்டி நடந்தபோது ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். சாலையிலிருந்து பார்த்தால் கிழக்குச் சரிவில் இரண்டு கட்டங்கள் தெரிகின்றன, மூன்றாம் கட்டமும் நான்காம் கட்டமும். நான்கு ஜனவரிகளிலும், வரும்போதும் போகும்போதுமாக எட்டு முறை, இந்த இடத்தைக் கடந்திருக்கிறேன். சாய்வெயிலில் அவை இரண்டும் விளக்கு ஏற்றிய ஜன்னல்கள் போல இருந்தன. பக்கத்தில் யாரோ குனிந்து நிமிர்வது போலத் தோன்றியது. காய்ந்த உண்ணிப் புதர் காற்றில் ஆடியிருக்க வேண்டும். நின்று உறுதி செய்துகொண்டு நடப்பதுதான் என் வழக்கம். அன்று நிற்காமல் நடந்தேன்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்கை ஆரம்பித்தேன். பள்ளத்திலிருந்து உச்சிக்கு ஒரு நடைக்கு இரண்டு கேன், நாற்பது லிட்டர். ஒரு கட்டத்துக்கு வாரத்தில் ஒருமுறை என்றே வைத்தாலும், பன்னிரண்டு கட்டம், பங்குனியிலிருந்து ஆடி வரை, அதை மூன்று கோடையால் பெருக்கி. பெருக்கலின் இரண்டாம் வரியில் நிறுத்திவிட்டேன். அந்தத் தண்ணீர் முழுவதும் என் அறிக்கைகளுக்குள் இருக்கிறது. எண்பத்தாறு, எண்பத்தெட்டு என்று நான் சுத்தமான எழுத்தில் எழுதியதெல்லாம் ஒரு மனிதரின் தோள்பட்டை. எந்தப் படிவத்திலும் அதற்கு இடம் இல்லை, நான் கொடுக்கவும் போவதில்லை. கொடுத்தால் அது அவர் பேருக்குக் கெடுதலாகத்தான் முடியும். இதை இங்கே எழுதும்போதும் அவர் பெயரை எழுதாமல் விடுகிறேன்.

6.50க்கு வீடு வந்தேன். குளித்தேன். கல்லூரியின் பழைய மாணவி ஒருத்தி கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டுப் போயிருந்தாள். இரவு உணவு, இரண்டு தோசை. 9.30க்குப் படுத்தேன். கண்ணை மூடினால் எண்கள் வந்தன, ஒவ்வொன்றுக்கும் பின்னால் செடியின் பெயரும். தொண்ணூற்றுச் சொச்சம் வரை போனது எனக்குத் தெரியும்.

மே 15, புதன்கிழமை. 4.40க்கு எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், மேசைக்குப் போய்த் திருப்பதி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். 2021 முதல் 2024 வரை நான் கொடுத்த நான்கு அறிக்கைகளையும் திரும்பப் பெறுகிறேன். கட்டங்களின் இடத்தை எல்லோரும் பார்க்கும்படி வைத்ததும், அவற்றுக்கு வெளியே ஒருமுறைகூட எண்ணாததும், கோடையில் ஒருமுறைகூடப் போகாததும் என் தவறுகள். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. குன்று தேர்ச்சி பெறவில்லை. கம்பெனியின் பொறுப்பை முடிக்கக் கூடாது. மழைக்கு முன் கிழக்கு வாய்க்காலைத் தூர்வார வேண்டும், ஏழு வீடுகளின் பின்சுவரையும் நேரில் வந்து பார்க்க வேண்டும். ஐந்து நாடாக்களின் எண்களையும் கீழே வரிசையாக எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் இன்னொரு படி எடுத்தேன். இரண்டிலும் கையெழுத்திட்டபோது மணி 5.25.